தொடக்கப்பள்ளியில் சமூகநீதி: உறுதிமொழி, கதை, நாடகம், நடைமுறை – எதைத் தேர்ந்தெடுப்பது?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்திலிருந்து ஒரு காணொளி பரவியது. தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டிக்கடைக்காரர், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், இனி உங்களுக்கு எதுவும் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்புகிறார். பிறகு அவர் கைதானார். ஆனால் அந்தக் கடை முன்னால் நின்ற பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். மிட்டாய்க்குக் காசு கொண்டுவந்த சின்னப் பிள்ளைகள். சாதியைப் பற்றி எந்த வயதில் பிள்ளைகளிடம் பேசலாம் என்று பெரியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கடைத்தெரு அவர்களுக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரி. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது என்று பல பரிந்துரைகள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு அறநெறி வகுப்பு வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெரும்பாலானவற்றை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பதினொரு வயது. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அது அந்த வகுப்புக்குள் நுழைகிறது.

அதனால் உண்மையான முடிவு ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் எடுக்க வேண்டியது. அங்கே நிலைமை என்ன? பல ஊர்களில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தின் பயிற்சி, மதிப்பீடு, எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, காலை உணவு மேற்பார்வை என்று நாள் ஓடிவிடுகிறது. இதில் "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்று சொல்வது எதையும் செய்யாதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தேர்ந்தெடுக்க நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே அவமானப்பட்ட பிள்ளை இதனால் இன்னும் கூசிப்போகுமா? இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில் இது நடக்குமா? இப்போது இருக்கும் நல்ல ஆசிரியர் மாறுதலில் போன பிறகும் இது நிற்குமா?

உறுதிமொழியும் நீதிபோதனையும்

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்த யாருக்கும் அந்த மூன்று வரிகள் தெரியும். தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். தலைமுறை தலைமுறையாகப் படித்துவிட்டோம். காலை வணக்கக் கூட்டத்தில் குறள் சொல்வதும், குறிப்பிட்ட நாட்களில் உறுதிமொழி எடுப்பதும் இதே வகைதான். செலவு கிடையாது, தனியாக நேரம் வேண்டாம், யார் மாறிப்போனாலும் தொடரும். மூன்றாவது கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் இந்த வரிகள் அச்சான புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு "தீண்டாமை" என்பது வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும் ஒன்று. தன் தெருவில் டீக்கடைக்கு வெளியே தனியாக நிற்கும் தாத்தாவுக்கும் அந்த வரிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

இருந்தாலும் இதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். இதன் பயன் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். ஒரு பெற்றோர் வந்து, எங்கள் பையனை அந்தப் பிள்ளைகளோடு உட்கார வைக்காதீர்கள் என்று சத்தம் போடும்போது, ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறந்து காட்டலாம். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவைச் சொல்லலாம். அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பாதுகாப்பு தேவை.

கதையும் உரையாடலும்

"சின்னப் பிள்ளைகள் முன்னால் சாதி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாமே ஏன் விதைக்க வேண்டும்?" நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்களே இப்படிச் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குச் சாதியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஊர்ப்பக்கம் யார், காலனிப் பக்கம் யார் என்பது முதல் வகுப்பிலேயே தெரியும். யார் வந்தால் பாட்டி திண்ணையோடு நிறுத்திப் பேசுகிறாள் என்பதும் தெரியும். காரணத்தை யாரும் சொல்லாததால், அந்தப் பிள்ளைகளிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். மௌனத்தின் விளைவு இதுதான்.

அதே சமயம், பேசுவதிலும் ஆபத்து உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2006-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் தாளில் புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். யார் எந்தச் சாதி என்று சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே அளவில் போட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் அறிவித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பிள்ளைகள் அதே மாதிரிப் பிள்ளைகள், புதிரும் அதே புதிர். அவர்கள் கையைக் கட்டிப்போட்டது அந்த அறிவிப்பு மட்டும்தான்.

ஆகவே எல்லைக்கோட்டை இப்படிப் போடலாம். நடந்த அநீதியைப் பெயர் சொல்லிப் பேசலாம். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் சாதியை எந்தச் சூழலிலும் பேசக் கூடாது. "நம்ம வகுப்பிலேயே இவங்க வீட்டுல இப்படிக் கஷ்டம்" என்று கனிவோடு சொன்னாலும் அது அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதுதான்.

எந்தக் கதை? அம்பேத்கர் பள்ளியில் கோணிப்பையில் தனியாக உட்கார வைக்கப்பட்டதும், அந்தப் பையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்பத் தூக்கிப்போனதும், பியூன் வந்து தண்ணீர் ஊற்றாவிட்டால் தாகத்தோடே இருக்க வேண்டியிருந்ததும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே புரியும். உட்காரும் இடமும் குடிக்கும் தண்ணீரும் அதன் சொந்த உலகம். "ஏன் சார் அவரே எடுத்துக் குடிக்கல?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அங்கேயே நிறுத்தினால் பிழை. சொல்லும் கதைகளில் எல்லாம் தலித் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால், வகுப்பில் மூலையில் இருக்கும் பிள்ளையை நோக்கிப் பத்துத் தலைகள் திரும்பும். அந்தச் சிறுவன் வளர்ந்து அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானதையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். இன்னொரு வகைக் கதையும் வேண்டும், அதை நாம் அதிகம் சொல்வதில்லை. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களைப் பிராமணரான வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். சொந்தச் சாதிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு செய்த காரியம் அது. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைக்கு, "உன் ஆட்கள் கெட்டவர்கள்" என்ற செய்தி மட்டும் போனால் அது காதை மூடிக்கொள்ளும். பக்கத்தில் போய் நின்ற ஒருவரை அதற்குக் காட்ட வேண்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வரலாறு தேவையில்லை. பங்கு போடுவதில் நியாயம், கிண்டல் பெயர், "கருப்பி", "குண்டன்", திக்கிப் பேசுபவனைப் பார்த்துச் சிரிப்பது, இவையே போதும். வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் திருப்பூர், சென்னைப் பள்ளிகளில் "இந்திக்காரன்" என்று கூப்பிடுவதும் இந்தப் பட்டியலில் சேரும்.

இந்த வழியின் பலவீனம், இது முழுக்க ஆசிரியரை நம்பி நிற்பது. நன்றாகச் செய்கிறவர் மாறுதலில் போனால் எல்லாம் அவரோடு போய்விடும்.

ஒருநாள் நாடகம்

வகுப்பை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று ஒருநாள் பிரித்து நடிக்க வைக்கும் பாடத்தைப் பயிற்சி வகுப்புகளிலும் யூடியூபிலும் பார்த்துவிட்டு ஆசைப்படும் ஆசிரியர்கள் உண்டு. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுள்ளவர்கள் உயர்ந்தவர்கள் என்று அறிவித்துச் சலுகை கொடுத்தார். பிறகு தலைகீழாக மாற்றினார். பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஒருவரையொருவர் மட்டம் தட்டத் தொடங்கினார்கள் என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அவருடைய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரைஸ்வில் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழ்ந்த ஊர். அவர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் யாரும் அந்த அவமானத்தை அதற்கு முன் நிஜத்தில் அனுபவித்தவர்கள் இல்லை. நம் வகுப்பில் அப்படி இல்லை. "இன்றைக்கு மட்டும் நீ தாழ்ந்தவன், சும்மா விளையாட்டுக்கு" என்று ஒரு பட்டியல் சாதிப் பிள்ளையிடம் சொன்னால் அதற்கு அது விளையாட்டாக இருக்காது. மறுநாள் தலைகீழாக மாற்றிவிட்டு மணி அடித்தபின் அந்தப் பிள்ளை எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறது? என் முதல் கேள்வியிலேயே இந்த வழி விழுந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் செய்ய வேண்டாம்.

நாள் முழுக்க நடக்கும் நடைமுறை

நான்காவது வழியில் பாடமே கிடையாது. உட்காருவது, சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, பெருக்குவது, பெயர் கூப்பிடுவது, குழு பிரிப்பது ஆகியவற்றை மாற்றுவதுதான் வேலை. என் வாக்கு இதற்குத்தான்.

பிள்ளைகள் ஆசிரியர் சொல்வதைவிட அவர் எப்படிப் பிரிக்கிறார் என்பதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு நிறச் சட்டைகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பொருட்படுத்தவே இல்லை. அங்கே சட்டை வெறும் சட்டையாகவே இருந்தது. மற்ற வகுப்புகளில் "நீலச் சட்டைக்காரர்கள் வரிசைக்கு வாருங்கள்" என்கிற மாதிரி நிறத்தை வைத்தே வேலை வாங்கினார்கள். ஒரு குழுவை உயர்த்தியோ தாழ்த்தியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்காரர்களையே உயர்வாக நினைக்கத் தொடங்கினார்கள்.

இப்போது நம் பள்ளிக்குள் வாருங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. அருமையான திட்டம். ஆனால் "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எழுந்திரு" என்று வகுப்பில் கூப்பிட்டால் அந்த ஒரு நிமிடத்தில் யார் யார் என்று மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிடும். சுகாதாரக் குறைவான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கான உதவித்தொகை இன்னும் மோசம், அப்பா அம்மா செய்யும் வேலையே அங்கே வெளிச்சத்துக்கு வரும். உதவித்தொகை விஷயங்களைத் தலைமை ஆசிரியர் தன் அறையில் தனியாகத்தான் பேச வேண்டும் என்று சந்துரு குழு சொன்னதற்குக் காரணம் இதுதான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. நாளைக்கே செய்யலாம்.

அடுத்தது உட்காரும் இடம். அகரவரிசை என்றதும் இது என்ன பெரிய புரட்சியா என்று தோன்றலாம். டெல்லியில் வசதியான தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழை வகுப்புத் தோழர்கள் இருந்த பணக்காரப் பிள்ளைகள் கூடுதல் தாராள மனதோடு நடந்துகொண்டார்கள். ஏழைகளை ஒதுக்குவது குறைந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். அதை வைத்துத்தான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஒரே கட்டடத்தில் இருப்பதைவிட, ஒரே குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதற்கே மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு. யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கும் பெற்றோரின் விருப்பத்துக்கும் விடாமல் அகரவரிசை தீர்மானித்துவிடுகிறது. ஆசிரியர் மீதும் பழி வராது.

சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். மேட் லோ என்பவர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டித் தொடர் நடத்தினார். வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை, விளைவு எதிர்த்திசையில் போனது. 2024-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்த மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள் உண்டு. ஒவ்வோர் அணியிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா என்று பார்ப்பது பொறுப்பாசிரியரின் கையில் இருக்கிறது. நண்பர்கள் நண்பர்களோடு என்று விட்டால் தெருவுக்கு ஒரு அணியாகிவிடும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதிலும் ஒரு எச்சரிக்கை. அது கற்றல் நிலைக்கான பிரிவு, மாறிக்கொண்டே இருக்க வேண்டியது. வருடம் முழுக்க அரும்பில் ஒரே தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் வகுப்பு அதிலிருந்து வேறு ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

பெருக்குவதும் கழுவுவதும் எல்லாவற்றையும்விடக் கூர்மையான விஷயம். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியர் கைதானார். கழிவறையைப் பிள்ளைகள் யாருமே கழுவக் கூடாது, அதற்கு ஆள் போட வேண்டும். வகுப்பறை பெருக்குவது, கரும்பலகை துடைப்பது, குடிதண்ணீர் எடுத்துவைப்பது போன்றவற்றுக்குச் சுவரில் பெயர் எழுதிய முறைப்பட்டியல் இருக்கட்டும். ஆண் பிள்ளைகளும் பெருக்கட்டும். குறிப்பாகத் தண்ணீர் எடுத்துவைக்கும் முறை எல்லோருக்கும் வர வேண்டும். யார் பெருக்குகிறார்கள் என்பதைவிட யார் தொட்ட தண்ணீரைக் குடிக்கிறோம் என்பதில்தான் பல வீடுகளின் கட்டுப்பாடு உட்கார்ந்திருக்கிறது.

சாப்பாடும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. உடனே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில ஊர்களில் தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்ற குரல் எழுந்தது. எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சமையல்காரரை மாற்றாமல், வந்து உட்கார்ந்து சாப்பிட்டது சரியான பதில். பள்ளி அளவில் அதையே தினமும் செய்யலாம்: ஆசிரியரும் அதே சாப்பாட்டை, அதே தரையில், பிள்ளைகளோடு. டிபன் பாக்ஸோடு அலுவலக அறைக்குள் போகும் ஆசிரியரையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கே இந்தக் கணக்கு மாறும்?

மேலே சொன்னது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இருக்கும்போது பொருந்தும். பல ஊர்களில் அப்படி இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்று என்று நிர்வாகமே தனித்தனியாக இருக்கிறது. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று சந்துரு குழு சொன்னது. இன்னும் பல ஊர்களில் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிவிட, ஊர்ப் பள்ளியில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அங்கே அகரவரிசை எதையும் கலக்காது. அப்படிப்பட்ட பள்ளியில் கதையையும் உரையாடலையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டியல் சாதிப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியில் நிமிர்ந்து நிற்கும் கதைகள், ஆதிக்க சாதிப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியில் அந்தச் சமையல்காரர் பிரச்சினையை நேராகப் பேசும் துணிவு. முடிந்தால் அதே குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த தொகுப்பு) உள்ள இன்னொரு பள்ளியோடு சேர்ந்து விளையாட்டு, அதுவும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் கலந்த அணிகளாக.

கலந்த பள்ளியிலும் நடைமுறை மட்டும் போதாது. ஒருநாள் ஒரு பிள்ளை, "எங்கம்மா உன்கிட்ட வாங்கித் தின்னக் கூடாதுன்னு சொல்லிச்சு" என்று சொல்லிவிடும். அன்றைக்கு ஆசிரியரிடம் சொற்கள் தயாராக இருக்க வேண்டும். சொன்ன பிள்ளையை அடிக்கவோ, அதன் அம்மாவைத் திட்டவோ கூடாது. "நம்ம பள்ளிக்கூடத்துல எல்லாரும் எல்லார்கிட்டயும் வாங்கித் தின்னலாம். இது இங்க உள்ள சட்டம்" என்று அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்புறம் அவமானப்பட்ட பிள்ளையிடம் தனியாக, தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டையும் அதே நாளில் செய்துவிட வேண்டும், மறுநாள் என்று தள்ளினால் அந்தப் பிள்ளை அன்றிரவு வீட்டில் தனியாக அதைச் சுமக்கும்.

ஆகவே என் வரிசை இது: எல்லாப் பள்ளியிலும் நடைமுறை முதலில். மூன்றாம் வகுப்பிலிருந்து மாதத்துக்கு ஓரிரு கதை, உரையாடல். உறுதிமொழி இருக்கிறபடி இருக்கட்டும். ஒருநாள் நாடகம் வேண்டாம். இந்த ஆண்டு ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் கூப்பிடுவதை நிறுத்துங்கள்.

ஆசிரியர் மாறுதல் என்ற மூன்றாவது கேள்விக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் விடை இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை, தலைவராக இருப்பவர் ஒரு தாய். அகரவரிசை இருக்கை, வேலை முறைப்பட்டியல், ஒரே பந்தி, தனியாக உதவித்தொகை ஆகிய நான்கையும் ஜூன் மாதக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, எல்லாத் தெருப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். புதிதாக வரும் தலைமை ஆசிரியரிடம் பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவியோடும் பதிவேடுகளோடும் அந்தத் தீர்மான நோட்டையும் கொடுக்க வேண்டும்.